மைக்கேல் தோனெட்

மைக்கேல் தோனெட் (ஜூலை 2, 1796 - மார்ச் 3, 1871) செருமனியில் பிறந்து ஆஸ்திரியாவில் புகழ்பெற்ற தச்சரும் தளவாட வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். நீராவியால் மரத்தை வளைக்கும் முறையைத் தொழிற்சாலை உற்பத்திக்கு ஏற்றவாறு உருவாக்கியவர் இவரே. பகுதிகளாகப் பிரித்து அனுப்பிச் சென்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும் நாற்காலிகளைப் பெருமளவில் உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

இளமை

தோனெட் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பொப்பார்டு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிலைச் செய்தவர். தச்சுத்தொழில் பயின்ற தோனெட் 1819 இல் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். அக்காலத்தில் வளைந்த நாற்காலிக் கால்களைப் பெரிய மரக்கட்டையிலிருந்து செதுக்கி எடுப்பர். இதனால் மரம் வீணானதுடன், வளைவில் இழை அறுபட்டு வலுவும் குன்றியது. 1830களில் இவர் மெல்லிய மரப்பட்டிகளைப் பசையில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அச்சில் வளைத்துத் தளவாடங்கள் செய்யத் தொடங்கினார்.

வியன்னா வாழ்க்கை

1841 இல் கோப்லென்சு நகரக் கண்காட்சியில் இவருடைய நாற்காலிகளைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் இவரை வியன்னாவுக்கு அழைத்தார். 1842 இல் அங்கு இவருக்குக் காப்புரிமம் கிடைத்தது. ஆனால், ஆய்வுகளுக்காக வாங்கிய கடன் பெருகியிருந்தமையால் பொப்பார்டில் இருந்த உடைமைகளைக் கடன்கொடுத்தோர் கைப்பற்றினர். ஐம்பது வயதை நெருங்கும் நிலையில் எல்லாவற்றையும் இழந்து குடும்பத்துடன் வியன்னாவில் குடியேறிய தோனெட், பிறருடைய பட்டறைக்காக லீக்டென்ஸ்டைன் அரண்மனை வேலைகளில் ஈடுபட்டார். 1849 இல் மீண்டும் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். வியன்னாவின் டௌம் காப்பியகத்துக்கு இவர் செய்தளித்த நாற்காலிகள் பெயர் பெற்றுத் தந்தன. 1853 இல் நிறுவனத்தைத் தம் ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றினார்.

வளைக்கும் முறை

ஒட்டிய பட்டிகள் ஈரப்பதத்தில் பிரிந்துவிடுவது பெருங்குறையாக இருந்தது. எனவே முழு மரத்தையே வளைக்க முற்பட்டார். நீராவியில் வெந்த மரம் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. ஆகவே வளைக்கும்போது வெளிப்பக்கம் வெடித்துவிடும். இதைத் தவிர்க்கக் கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுகப் பொருத்தினார். பட்டை வெளிப்பக்கத்தை நீளவிடாமல் தடுக்க, மரம் உட்புறமாகச் சுருங்கி வெடிக்காமல் வளைந்தது. பின்னர் அது அச்சிலேயே உலர்த்தப்பட்டது. இம்முறைக்கு 1856 இல் காப்புரிமம் பெற்றார். பீச் மரக்காடுகள் நிறைந்த மொராவியாவில் தொழிற்சாலைகளை அமைத்தார்.

14 ஆம் எண் நாற்காலி

1859 இல் வெளிவந்த இந்நாற்காலி ஆறு மரப்பகுதிகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் ஆகியவற்றால் ஆனது. பின்கால்களும் முதுகுச்சாய்வும் சேர்ந்த ஒரே நீண்ட கம்பு, உள்வளைவு, இருக்கை வளையம், இரு முன்கால்கள், கால்களை இணைக்கும் வளையம் என்பனவே அவ்வாறு பகுதிகள். ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளுக்கான பகுதிகளை அடுக்கி அனுப்ப முடிந்தது. பூட்டுவதற்குத் தச்சர் தேவையில்லை. எடை குறைவானதால், இடம் குறைந்த நகரக் காப்பியகங்களில் ஒருவரே எளிதாகத் தூக்கி இடம் மாற்ற முடிந்தது. இது 1867 பாரிசு உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

மறைவும் தாக்கமும்

1869 இல் காப்புரிமம் முடிவுக்கு வந்ததும் பிற நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றின. தோனெட் 1871 இல் வியன்னாவில் காலமானார். 1930 வரை 14 ஆம் எண் நாற்காலிகள் ஏறத்தாழ 5 கோடி விற்பனையானதாகக் கூறப்படுகிறது. கட்டிடக்கலைஞர் லெ கொபூசியே 1925 இல் பாரிசுக் கண்காட்சியில் தாம் அமைத்த அரங்கில் தோனெட் நிறுவன நாற்காலிகளைப் பயன்படுத்தினார். மாடங்களிலும் சிறிய முற்றங்களிலும் போடுவதற்காக இன்று பெட்டியில் வரும் நாற்காலியை ஒரு திருப்புளியால் பூட்டும் வழக்கத்துக்கு, இவருடைய பணி ஒரு முக்கிய முன்னோடியாகும்.