கதிரொளியின் வேலையை ஆராய்ந்த நீல் ரத்தன் தர்

நம் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு முதலிய நாடுகளில், சாமைக்கும் கேழ்வரகுக்கும் மாட்டெரு இட்டு உழுவதை நாம் காண்கிறோம். அந்த எரு மண்ணில் மாறிப் பயிருக்கு உணவாகிறது. அம்மாற்றத்தைச் செய்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே என்று நாம் படிக்கிறோம். கதிரவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று எடுத்துரைத்தவர் ஓர் இந்திய வேதியியல் அறிஞர். அவர்தாம் பேராசிரியர் நீல் ரத்தன் தர்.

இவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள ஜெஸ்ஸூரில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயிடம் பயின்றார். 1917இல் இலண்டனிலும் 1919இல் பாரிசிலும் டாக்டர் பட்டங்கள் பெற்றார். தாயகம் திரும்பியபின் அலகாபாத்தையே தம் வாழ்விடமாகக் கொண்டு மாணவர்களை உருவாக்கினார்.

வட இந்தியாவின் கடும் வெயிலையே அவர் தம் ஆய்வுக் கருவியாக்கிக் கொண்டார். அமோனியாக் கரைசலில் டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற பொடிகளைச் சேர்த்து ஒளியில் வைத்தால், அமோனியா ஆக்சிஜனேற்றம் அடைந்து நைட்ரைட்டாகிறது. இதைத் தரும் அவருடன் பணியாற்றிய கோபால ராவும் 1931இல் வெளியிட்டனர். நுண்ணுயிர்கள் மண்ணில் செய்யும் வேலையை அங்கே ஒளி செய்தது!

இது எவ்வாறு நிகழ்கிறது? பொடியின் மீது ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான் ஒன்று ஆற்றல் பெற்று மேலெழுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடம், அருகிலுள்ள பொருளிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. அதுவே ஆக்சிஜனேற்றம். பொடியோ தீர்ந்துபோவதில்லை. ஆகவே அதனை ஒளி வினையூக்கி என்கிறோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட்டு, டைட்டானியத்தின் தாதுவே ஆகும்.

இன்று வேதியியலார் இம்முறையை ஹைட்ரோகார்பன்களிடத்தும் கையாளுகின்றனர். டொலுயீனை எரித்தால் முடிவில் கரியமில வாயுவும் நீருமே மிஞ்சும். பாதி வழியிலேயே நிறுத்தினால் வாதுமை மணமுடைய பென்சால்டிகைடு கிடைக்கும். நெருப்புக்கு நிற்கும் இடம் தெரியாது. தக்க வினையூக்கியும் ஒளியும் அமைந்தால் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும். இதுவே இத்துறையின் பெரும் சவால்.

எருவும் வைக்கோலும் சர்க்கரைப்பாகுக் கழிவும் இட்ட மண்ணில், காற்றின் நைட்ரஜனைக் கூட ஒளி நிலைப்படுத்துகிறது என்றும் தர் கூறினார். பலர் இதை ஏற்கவில்லை. அவர் தளரவில்லை. 1977இல் அமெரிக்காவில் ஷ்ராவுசரும் கத்தும், ஒளிபட்ட டைட்டானியம் ஆக்சைடு நைட்ரஜனிலிருந்து சிறிதளவு அமோனியாவை உண்டாக்குவதாக அறிவித்தனர். எனினும் வயல் மண்ணில் ஒளியின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

தர் 1961இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவரானார். எனினும் எளிமையாகவே வாழ்ந்தார். தம் சம்பாத்தியத்தை அலகாபாத்தில் மண்ணியல் ஆய்வு நிலையம் அமைக்கக் கொடுத்தார். அது அவர் மனைவியாரின் பெயரால் ஷீலா தர் நிலையம் என வழங்குகிறது. 1986 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

இறைவன் ஏழை, பணக்காரர் என்று பாராமல் யாவர் நிலத்திலும் கதிரொளியைப் பொழிகிறார். அதன் வேலையைப் பொறுமையோடு ஆராய்ந்த இப்பெரியாரைப் போல, எதிர்ப்புக்கு அஞ்சாமல் உண்மையைத் தேட நாமும் முயல்வோமாக!