எலியின் ரோமத்தில் எமனைக் கண்ட வைத்தியர்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் அறுவடை முடிந்தவுடன் வரப்புகளில் எலி வளை வெட்டுவது பழைய வழக்கம். அந்தக் கிராமங்களிலும் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கூண்டில் முயல் வளர்ப்போர் உண்டு. பிள்ளைகள் அதை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். மழை நாளில் குட்டையிலிருந்து கரையேறும் பால் ஆமையைப் பிடித்துத் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்த்த காலமும் இருந்தது. இப்போது அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம்.

எலி, முயல், ஆமை ஆகிய மூன்றின் உடம்பிலும் வேறு ஜீவன்கள் குடியிருக்கின்றன. எலியின் ரோமத்தில் தெள்ளுப்பூச்சி. முயலின் குடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஆமையின் இரத்தத்தில் இன்னொரு கிருமி. இந்த மூன்றையும் தம் வாழ்நாளில் துருவி ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சு சர்க்காரின் குடியேற்றப் படையில் வைத்தியராக இருந்த அவர் பெயர் போல் லூயி சிமோன். கோடிக்கணக்கான மக்களை வதைத்த பிளேக் நோய் எப்படி எலியிடமிருந்து மனிதனிடம் தாவுகிறது என்ற ரகசியத்தை இந்த நாட்டு மண்ணில் கண்டறிந்தவர் அவரே. கண்டறிந்ததைச் சொன்னபோது உலகம் நம்பவில்லை என்பதுதான் விசித்திரம்.

சிமோன் 1858-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்ஸின் துரோம் பகுதியில் ஒரு சிறிய ஊரில் பிறந்தார். தந்தை புராட்டஸ்டண்டு பாதிரியார். போர்தோ நகரில் வைத்தியம் படித்த மகன், இளம் வயதிலேயே தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவுக்குப் போய்க் குஷ்டரோகிகளின் இல்லத்தை நடத்தினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் அவரையும் பிடித்தது; பிழைத்துக்கொண்டார். பிறகு சீனத்தின் தென்கோடியில் சில ஆண்டுகள். இப்படிச் சுற்றித் திரிந்தவர், முப்பத்தேழு வயதுக்கு மேல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் மெச்னிகாவ் என்ற பேராசிரியரிடம் மாணவனாக உட்கார்ந்தார். அந்த வயதில் மறுபடி படிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அங்கே அவர் எடுத்துக்கொண்டது காக்சிடியா என்னும் நுண்ணுயிர். முயல் வளர்ப்போருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் நோய் தெரிந்திருக்கும். குட்டி முயல் வயிறு உப்பி, கழிந்து, மெலிந்து, ஒரு வாரத்தில் செத்துப்போகும். நோய் முயலின் புழுக்கையோடு இந்தக் கிருமியின் முட்டைகள் வெளியே வருகின்றன. ஈரத்தில் இரண்டொரு நாள் கிடந்து முற்றிய பின்புதான் அடுத்த முயலைப் பற்றும் சக்தி அவற்றுக்கு வருகிறது. கூண்டின் அடியில் கம்பி வலை போட்டு, புழுக்கையை அன்றாடம் அகற்றி, தரையை உலர வைத்தால் பாதி நோய் போய்விடும். இந்த இனத்துக் கிருமிகளின் வாழ்க்கைச் சுற்றைப் பற்றி சிமோன் 1897-இல் எழுதிய கட்டுரை அறிஞர்களிடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தப் பெயரோடுதான் அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

பம்பாயில் 1896-இல் பிளேக் தொடங்கியிருந்தது. அந்த நோயின் கிருமியை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஹாங்காங்கில் எர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கிருமி உடம்புக்குள் எப்படிப் புகுகிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. தூசியா, குப்பையா, சோறா, மூச்சுக் காற்றா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரியாமையின் விலையை ஜனங்கள் கொடுத்தார்கள். சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தினார்கள். குடும்பத்தைப் பிரித்து முகாமில் அடைத்தார்கள். பூனாவில் இந்தக் கெடுபிடி பொறுக்க முடியாமற் போய், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். எலி ஒன்றுதான் இத்தனைக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் செத்துக்கொண்டிருந்தது.

யார் கண்ணிலும் என்பது சரியல்ல. பாமர ஜனங்கள் கண்டிருந்தார்கள். எலி விழுந்தால் வீட்டைக் காலி செய் என்பது பிளேக் கண்ட ஊர்களில் எல்லோரும் அறிந்த விஷயம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது.

எர்சினுக்குப் பதிலாக, ஊசி மருந்து போட்டு வைத்தியம் பார்க்கத்தான் சிமோன் வந்தார். மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் அவருடைய கண் சும்மா இருக்கவில்லை. பம்பாயில் ஒரு கம்பளி ஆலையில் ஒரு நாள் காலை தரையெங்கும் எலிகள் செத்துக் கிடந்தன. இருபது கூலியாட்களை விட்டு அவற்றை அள்ளச் சொன்னார்கள். மூன்று நாளுக்குள் அந்த இருபது பேரில் பத்துப் பேருக்குப் பிளேக் கண்டது. ஆலையில் மற்ற எவருக்கும் ஒன்றும் இல்லை. நோயாளிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த சிமோன் இன்னொன்றையும் கவனித்தார். நெறி கட்டுவதற்கு முன்பே சிலருடைய தோலில், பெரும்பாலும் காலில், குண்டூசித் தலை அளவில் ஒரு கொப்புளம் தோன்றியது. அதைக் கீறிப் பார்த்தால் உள்ளே பிளேக் கிருமி. ஏதோ ஒன்று கடித்த இடம் அது!

எறும்பா, மூட்டைப்பூச்சியா, தெள்ளா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஆரோக்கியமான எலி தன் ரோமத்தை ஓயாமல் கோதித் தெள்ளுகளை நீக்கிக்கொள்கிறது. நோய் கண்ட எலிக்கு அந்தத் தெம்பு இல்லை. அதன் மேல் தெள்ளு மண்டுகிறது. எலி செத்து உடம்பு சில்லிட்டதும் தெள்ளுகள் அதைக் கைவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடிக் குதிக்கின்றன. ஆகவே, இப்போதுதான் செத்த எலிதான் ஆபத்து. நெடுநேரம் ஆறிக் கிடந்த எலியால் அவ்வளவு பயமில்லை. இன்றைக்கும் செத்த எலியைக் கையால் தொடாமல் முறத்திலோ மண்வெட்டியிலோ அள்ள வேண்டியதற்குக் காரணம் இதுவே.

நிரூபிக்க வேண்டுமே! கராச்சியில் ரெனால்ட்ஸ் ஹோட்டல் வளாகத்தில் சோதனை நடந்தது. பிளேக் வந்த வீட்டில் பிடித்த நோய் எலி ஒன்றைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில், மணல் பரப்பி விட்டார். தெள்ளு போதவில்லை என்று ஹோட்டல் பூனையிடமிருந்து சிலவற்றைக் கடன் வாங்கிச் சேர்த்தார். எலி சாகும் தறுவாயில், சிறிய கம்பிக் கூண்டில் ஒரு நல்ல எலியை அதற்கு மேலே தொங்கவிட்டார். ஒன்றையொன்று தொட முடியாது. தெள்ளு மட்டும் குதித்து ஏறலாம். கீழே இருந்த எலி மறுநாள் செத்தது. மேலே இருந்த எலி ஐந்தாம் நாள் தள்ளாடியது. ஆறாம் நாள் செத்தது. அறுத்துப் பார்த்தால் உடம்பு முழுவதும் பிளேக் கிருமி. தெள்ளு இல்லாமல் இதே சோதனையைச் செய்தபோது நல்ல எலிக்கு ஒரு குறையும் வரவில்லை. அது 1898 ஜூன் 2. பிளேக் உலகில் தோன்றிய நாள் முதல் மனிதனை அலைக்கழித்த ரகசியம் தம் கையில் இருக்கிறது என்று அன்று அவர் உள்ளம் பூரித்ததில் வியப்பில்லை.

அந்த ஆண்டே கட்டுரை வெளிவந்தது. எலித் தெள்ளு மனிதனைக் கடிக்கவே கடிக்காது என்றார் ஓர் அறிஞர். இந்திய சர்க்கார் அமைத்த பிளேக் கமிஷனும் பூச்சிக்கு இதில் முக்கியப் பங்கில்லை என்று ஒதுக்கியது. சிமோன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, சைகோன் பாஸ்டர் நிலையத்தை நடத்தப் போய்விட்டார். இடையில் அவர் எழுதி வெளியிட்டதைப் பாருங்கள்: இந்திய ஊர்வனவற்றின் இரத்தக் கிருமிகளைப் பற்றிய கட்டுரை. கங்கைக் கரை முதலையிலும் ஆமைகளிலும் கண்ட கிருமிகளை 1901-இல் விவரித்தார். அவற்றில் ஒன்று நம் குட்டைகளில் உள்ள பால் ஆமையின் சிவப்பு அணுவுக்குள் குடியிருப்பது. ஆமைகளில் இந்த இனத்துக் கிருமியைப் பரப்புவது அட்டை என்பது பிற்பாடு தெரிய வந்தது. தெள்ளானாலும் அட்டையானாலும் கடிக்கிற பூச்சியே தூதன்.

பிளேக் விஷயத்தில் தீர்ப்பு மாற ஏறக்குறைய பத்து ஆண்டு பிடித்தது. பம்பாயில் லிஸ்டன் என்ற வைத்திய அதிகாரி, பிளேக் வீடுகளில் கினிப் பன்றிகளைத் திரியவிட்டு எலித் தெள்ளுகளைச் சேகரித்தார். பின்னர் வந்த புதிய கமிஷன், கினிப் பன்றிக் கூண்டுகளைத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்திலும் இரண்டு அடி உயரத்திலும் தொங்கவிட்டது. தெள்ளு நான்கு அங்குலத்துக்கு மேல் எம்பாது. தாழ்ந்த கூண்டுக்குப் பிளேக் வந்தது. உயர்ந்த கூண்டு தப்பியது. 1914-இல் லண்டனில் பேக்கட்டும் மார்ட்டினும், கிருமி பெருகித் தெள்ளின் தொண்டையை அடைத்துவிடுவதைக் கண்டார்கள். பசி தாளாத தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்து, கிருமியைக் காயத்துக்குள் கக்குகிறது. தெள்ளிலும் ஜாதி உண்டு. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்த எலித் தெள்ளு, பிளேக்கைப் பரப்புவதில் பம்பாய்த் தெள்ளைப் போல் கெட்டிக்காரன் அல்ல என்று கொழும்பில் ஹர்ஸ்ட் காட்டினார். சென்னை பெரிய அழிவிலிருந்து தப்பியதற்கு அது ஒரு காரணம் என்று கருதப்பட்டது.

சிமோனோ அதற்குள் ரியோ டி ஜெனிரோவில் மஞ்சள் காய்ச்சலையும் கொசுவையும் ஆராய்ந்து முடித்திருந்தார். பிறகு மார்ட்டினிக் தீவு, துருக்கித் தலைநகர், மறுபடி கொச்சின் சீனா. 1917-இல் ஓய்வு பெற்று வாலான்ஸ் நகரில் தங்கிச் செடிகொடிகளில் ஈடுபட்டார். 1947-இல் காலமானார்.

புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்திகளை ஆராயும் நிலையம் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் ஆராய்ச்சியாளர்கள் பொறி வைத்து எலிகளையும் மூஞ்சூறுகளையும் பிடித்து, அவற்றின் மேலிருந்த நுண்ணிய செவ்வுண்ணிக் குஞ்சுகளை எடுத்து எண்ணியிருக்கிறார்கள். அந்தக் குஞ்சு கடித்தால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். வயலிலும் புதரிலும் நடமாடுவோரைப் பற்றும் இந்த நோயை உரிய மாத்திரையால் குணப்படுத்தலாம். காலந் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு வருபவரின் அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில், சிகரெட் சுட்டது போல் ஒரு கரிய பொருக்கு இருக்கிறதா என்று வைத்தியர்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதுவும் கடித்த இடந்தான்.