ஜெயில் கதவைத் திறந்த வக்கீல் எத்திராஜ்!

சென்னை எழும்பூரில் எத்திராஜ் காலேஜ் ஸ்டாப்பில் பஸ் நின்றால் மாணவிகள் கும்பலாக இறங்குவார்கள். அந்த எத்திராஜ் யார் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

அவர் ஒரு வக்கீல். கொலை கேஸ்களில் கொடிகட்டிப் பறந்தவர்!

வேலூர்க்காரர்

வி.எல்.எத்திராஜ் 1890-ம் ஆண்டு வேலூரில் பிறந்தார். அயர்லாந்து நாட்டில் உள்ள டப்ளின் பல்கலைக்கழகத்தில் படித்தார். பாரிஸ்டர் பட்டத்தோடு சென்னை திரும்பி, ஐகோர்ட்டில் தொழிலை ஆரம்பித்தார்.

அது வெள்ளைக்காரன் ஆட்சி. சென்னையில் அரசு தரப்பில் கிரிமினல் கேஸ் நடத்தும் கிரவுன் பிராசிகியூட்டர் பதவியில் முதன்முதலாக நியமிக்கப்பட்ட இந்தியர் எத்திராஜ்தான். போலீஸ் கேஸ் எப்படித் தயாராகிறது, சாட்சி எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வேப்பேரி கத்திக்குத்து

1944 நவம்பர் 8-ந்தேதி. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தனுக்குக் கத்திக்குத்து விழுந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார்.

அடுத்த மாதமே பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது! சினிமா உலகமே ஆடிப்போனது.

1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஜூரிகள் 9 பேரில் 6 பேர் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டில் போட்ட அப்பீலும் தள்ளுபடி ஆனது.

கடைசி நம்பிக்கை லண்டன் பிரிவி கவுன்சில். அது இருவரையும் விடுதலை செய்யவில்லை. அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே திருப்பி அனுப்பியது.

மறுபடி அப்பீல்

இந்த முறை ஐகோர்ட்டில் அவர்களுக்காக எழுந்து நின்றவர் எத்திராஜ்.

அப்பீல் கேஸ் லேசுப்பட்டது அல்ல. சாட்சியைக் கூண்டில் ஏற்றி மடக்க முடியாது. ஏற்கனவே பதிவான சாட்சியத்தை வைத்தே வாதாட வேண்டும். ஒருமுறை இதே கோர்ட்டில் தோற்ற கேஸ் வேறு! இதிலும் தோற்றால் இரண்டு பேருக்கும் ஆயுள் முழுக்க ஜெயில்தான்.

நீதிபதிகள் ஹேப்பல், சகாபுதீன் இருவரும் விசாரித்தார்கள். 1947 ஏப்ரலில் தீர்ப்பு: பாகவதரும் கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள், விடுதலை!

இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கிருஷ்ணன் மறுபடி படங்களில் நடித்துப் பேர் வாங்கினார். பாகவதருக்கோ பழைய மவுசு திரும்பவே இல்லை. போன பேரை எந்த வக்கீலாலும் மீட்டுத்தர முடியாதே!

10 லட்சம் ரூபாய்

வழக்கு முடிந்த மறு வருடம், 1948 ஜூலை 2-ந்தேதி, எத்திராஜ் சென்னையில் பெண்கள் கல்லூரி தொடங்கினார். முதல் வருடம் சேர்ந்த மாணவிகள் 98 பேர்.

கல்லூரிக்கு அவர் கொடுத்த பணம் 10 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. பரம்பரைச் சொத்து அல்ல, கோர்ட்டில் வாதாடிச் சம்பாதித்துச் சேர்த்த காசு. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பல வீடுகளில் கேட்ட காலம் அது.

1960 ஆகஸ்டு 18-ந்தேதி எத்திராஜ் காலமானார். கல்லூரி இருக்கும் கமாண்டர்-இன்-சீப் ரோடு, பின்னால் எத்திராஜ் சாலை ஆனது. அவர் வாதாடிய கேஸ் கட்டுகள் பழங்கதை ஆகிவிட்டன. 98 பேரோடு ஆரம்பித்த கல்லூரி இன்றும் நடக்கிறது.