உடற்கல்வி கண்ட பெருந்தகை

நீலகிரி மாவட்டத்தில், முதுமலைக் காட்டின் நடுவே, மாயாற்றங்கரையில் தெப்பக்காடு என்னும் சிற்றூர் உள்ளது. வளர்ப்பு யானைகள் முகாமினால் புகழ் பெற்றது அவ்வூர். அங்கே பாகர்கள் யானைகளை ஆற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவர். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் முதலியன சேர்த்துத் திரட்டிய கவளங்களை ஊட்டுவர். காண்பவர்க்கு அஃது உடல் வலிமை ஒன்றினாலேயே செய்யப்படும் வேலையாகத் தோன்றும். உண்மை அதுவன்று. யானையின் செவியசைவையும் பார்வையையும் கொண்டு அதன் மனநிலையை அறிதல் வேண்டும். எப்பொழுது அதட்டுவது, எப்பொழுது தட்டிக் கொடுப்பது என்பது தெரிதல் வேண்டும். ஆதலின், பாகராக விரும்புவோர் முதலில் காவடி எனப்படும் உதவியாளராக இருந்து, மூத்தோரிடம் தொழில் பயில்கின்றனர். உடலால் செய்யும் தொழிலுக்கும் அறிவு வேண்டும். அவ்வறிவைப் புகட்ட ஆசானும் வேண்டும்.

காட்டிலே கண்கூடாகக் காணும் இவ்வுண்மை, பள்ளிக்கூடத்து விளையாட்டிடத்தில் நெடுங்காலம் உணரப்படவில்லை. ஓடவும் ஆடவும் கற்பிப்பதற்குப் படிப்பு எதற்கு என்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றி, உடற்பயிற்சி கற்பித்தலை மதிப்புடைய ஒரு தொழிலாக நம் நாட்டில் நிலைநாட்டிய பெருமக்களுள் தலையாயவர் ஹாரி குரோ பக் என்பவர்.

இளமையும் கல்வியும்

பக் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த புகழ்மிக்க பயிற்சிக் கல்லூரியில் அவர் கல்வி பயின்றார். அக்கல்லூரி ஒய்.எம்.சி.ஏ. என்னும் சங்கத்தின் சார்பில் நடைபெற்றது. 1844-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் இளைஞர் நலனுக்காகத் தோன்றிய அச்சங்கம், பின்னர் உலகின் பல நாடுகளிலும் பரவியது.

ஸ்பிரிங்பீல்டு கல்லூரிக்கு விளையாட்டு உலகில் தனிச் சிறப்பு உண்டு. பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாமல் சோர்ந்திருந்த மாணவர்களுக்காக, அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1891-ஆம் ஆண்டில் ஒரு புதிய ஆட்டத்தை வகுத்தார். பழம் இடும் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். அதுவே இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்து. அக்கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவரே 1895-ஆம் ஆண்டில் கைப்பந்து ஆட்டத்தைக் கண்டவர். விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, உடலும் உள்ளமும் ஆன்மாவும் ஒருங்கே வளரத் துணைபுரியும் கல்வி என்பதே அக்கல்லூரியின் கொள்கை. அக்கொள்கை இளைஞர் பக்கின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

சென்னை வருகை

1919-ஆம் ஆண்டில் பக் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி இருந்த நிலை இரங்கத்தக்கது. பெரும்பாலான பள்ளிகளில் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரே அப்பயிற்சியை நடத்துவார். அவரை ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைப்பர். தாம் படையில் கற்ற அணிநடையையும் கைகால் அசைவுகளையும் அவர் மாணவர்க்கும் கற்பிப்பார். பத்து வயதுச் சிறுவனுக்கும் பதினாறு வயது இளைஞனுக்கும் ஒரே பயிற்சி; நோயுற்றுத் தேறியவனுக்கும் கட்டுடல் வாய்ந்தவனுக்கும் ஒரே கட்டளை. குற்றம் அவருடையதன்று, படைவீரரை உருவாக்கும் முறை அவருக்குத் தெரியும், குழந்தையை வளர்க்கும் முறையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவருடைய ஊதியம் குறைவு. ஏனைய ஆசிரியர்களோடு ஒப்ப வைத்து அவரை எண்ணுவோரும் இலர்.

இந்நிலையைக் கண்ட பக் ஓர் உண்மையைத் தெளிந்தார். விளையாட்டுக் கருவிகளை வாங்கிக் குவிப்பதாலோ, ஆண்டுக்கொரு முறை போட்டி நடத்திப் பரிசு வழங்குவதாலோ நாட்டின் உடல்நலம் உயர்ந்துவிடாது. நன்கு பயின்ற ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் பிற பாட ஆசிரியர்களைப் போலவே கற்றவர்களாகவும் மதிக்கப்படுபவர்களாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவதே தம் வாழ்க்கைப் பணி என அவர் துணிந்தார்.

கல்லூரியின் தோற்றம்

1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைப் பக் தொடங்கினார். ஆசியாக் கண்டத்திலேயே அத்தகைய கல்வி நிலையங்களுள் முதலாவதாக அது போற்றப்படுகிறது. தொடக்கத்தில் சேர்ந்த மாணவர் மிகச் சிலரே. அதில் வியப்பொன்றும் இல்லை. பட்டம் பெற்றோர் வழக்கறிஞராகவோ அரசாங்க அலுவலராகவோ ஆக விரும்பிய காலம் அது. விளையாட்டைப் படித்துப் பிழைப்பது எங்ஙனம் என்று பெற்றோர் கவலை கொள்வது இயல்பே. அக்கவலையையும் ஏளனத்தையும் பொருட்படுத்தாது வந்து சேர்ந்த அம்மாணவர்களின் துணிவும் பாராட்டத்தக்கது.

பக் அவர்களுக்கு ஆட்டங்களை மட்டும் கற்பிக்கவில்லை. உடலின் அமைப்பு, உறுப்புகள் இயங்கும் முறை, உடல்நலம் பேணுதல், முதலுதவி, குழந்தைகளின் மனவியல்பு, கற்பிக்கும் முறை ஆகிய யாவும் பாடங்களாயின. தசை எவ்வாறு சுருங்கி விரிகிறது என்பதை அறியாதவர், ஓட்டக்காரனை எங்ஙனம் பயிற்றுவார்? சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் வேறுபாடு அறியாதவரிடம் நூறு குழந்தைகளை எங்ஙனம் ஒப்படைப்பது? இத்தகைய பொறுப்புடைய தொழிலைக் கல்வியின்றி மேற்கொள்ளலாகாது என்பதை அப்பள்ளியின் பாடத்திட்டமே நாட்டுக்கு உணர்த்தியது.

சிறு பள்ளியாகத் தோன்றிய அந்நிலையம் நாளடைவில் கல்லூரியாக உயர்ந்தது. இன்று நந்தனம் என வழங்கும் பகுதியில், மரங்கள் சூழ்ந்த பரந்த நிலத்தில் அஃது அமைந்துள்ளது. பக்கின் துணைவியார் மேரி அம்மையாரும் அவருடைய பணிக்குத் தோள்கொடுத்தார். 1940-ஆம் ஆண்டில் பெண்களுக்கும் அக்கல்லூரியின் வாயில் திறக்கப்பட்டது. பெண்கள் ஓடியாடுதல் தகாது என்று கருதிய குடும்பங்கள் மிகுந்திருந்த காலத்தில் இஃது ஒரு பெரும் மாறுதலாகும். பெண்கள் உடற்கல்வி ஆசிரியராதற்கு அது வழிகோலியது.

நம் நாட்டு ஆட்டங்கள்

மேனாட்டிலிருந்து வந்தவராயினும், மேனாட்டு ஆட்டங்களே சிறந்தவை என்று பக் கருதவில்லை. பெருஞ்செலவின்றி, சிற்றூர்ச் சிறுவரும் ஆடத்தக்க ஆட்டங்கள் இந்நாட்டில் பல உள்ளமையை அவர் கண்டார். தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகளும் யோக ஆசனங்களும் அவருடைய கல்லூரியில் இடம்பெற்றன.

ஆட்டங்களின் விதிகளைத் திரட்டி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பயன் பெரிது. தமிழ்நாட்டில் சடுகுடு எனப்படும் ஆட்டம் மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும் வழங்கும். பெயரைப் போலவே முறையும் இடத்துக்கு இடம் வேறுபடும். விதி ஒன்றாயினன்றி, ஓரூர் அணி மற்றோர் ஊர் அணியோடு பொருதுதல் இயலாது; நடுவரும் நேர்மையாகத் தீர்ப்புக் கூறுதல் இயலாது. அச்சிட்ட விதிநூல் கையில் இருந்தமையால், தொலைவிலுள்ள சிறு பள்ளியின் ஆசிரியரும் ஐயமின்றிப் போட்டி நடத்த முடிந்தது. உடற்கல்வி பற்றிய கருத்துகளைப் பரப்ப ‘வியாயாம்’ என்னும் இதழும் அவரால் தோன்றியது. சென்னை மாகாண அரசாங்கத்துக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் அவர் பணியாற்றினார்.

ஒலிம்பிக் அரங்கில்

இந்திய வீரர்கள் உலக அரங்கில் ஏறுவதற்கும் பக் துணைநின்றார். சர் தோராப்ஜி டாட்டா, மருத்துவர் நோரன் முதலியோர் அம்முயற்சியில் முன்நின்றனர். 1924-ஆம் ஆண்டில் அனைத்திந்தியப் போட்டிகள் நடத்தப்பட்டு, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குத் தடகள வீரர் எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவ்வணியின் மேலாளராகச் சென்றவர் பக். அவ்வெழுவருள் ஒருவர் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன். தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்ட அவர், பிற்காலத்தில் மருத்துவராகி, இந்திய அரசின் சுகாதாரப் பணிகளுக்குத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். விளையாட்டு கல்விக்குப் பகை என்பார்க்கு அவருடைய வாழ்க்கையே விடையாகும்.

அவ்வணியினர் பதக்கம் ஒன்றும் பெற்றுத் திரும்பவில்லை. ஆயினும், அம்முயற்சி வீண்போகவில்லை. 1927-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக அமைந்தது.

மறைவும் புகழும்

இருபத்து மூன்று ஆண்டுகள் இடையறாது உழைத்த பக் 1943-ஆம் ஆண்டில் மறைந்தார். பெருஞ்செல்வம் எதனையும் அவர் ஈட்டவில்லை. அவர் ஈட்டியது ஆசிரியப் பரம்பரை ஒன்றினையே. அவரிடமும் அவர் கல்லூரியிலும் பயின்றோர் நாடெங்கும் பரவிப் பள்ளிகளில் விளையாட்டிடங்களை அமைத்தனர். இந்திய உடற்கல்வியின் தந்தை என்று அவரை நாடு போற்றுகிறது.

அவர் வகுத்த பாதை இன்று அகன்ற சாலையாயிற்று. குவாலியரில் 1957-ஆம் ஆண்டிலும், பயிற்றுநர்களுக்கெனப் பாட்டியாலாவில் 1961-ஆம் ஆண்டிலும் தேசிய அளவிலான நிலையங்கள் தோன்றின. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் காணும் சட்டம் 2004-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இத்துறையில் வாழ்க்கைத் தொழில் தேடுவோர் பந்தயத்தில் வெல்லும் வீரராகவே ஆதல் வேண்டும் என்பதில்லை. உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர், நடுவர், காயமுற்றோர்க்கு மீண்டும் இயக்கம் தரும் இயன்முறை மருத்துவர், உணவு வகுப்போர், யோகப் பயிற்சி அளிப்போர், விளையாட்டுச் செய்தி எழுதுவோர், ஆடுகளம் பேணுவோர் எனப் பலர் அங்குத் தேவைப்படுகின்றனர். பதக்கம் பெறுவோர் சிலரே. அவரை உருவாக்குவோரும், வெல்லாத பல்லாயிரவர்க்கு நல்லுடல் தருவோரும் மிகப் பலர்.

வகுப்பறையில் கணக்குக் கற்பிப்பவரும் வெயிலில் நின்று ஓட்டம் கற்பிப்பவரும் ஒரே கல்விப் பணியையே செய்கின்றனர். இதனை நாடு ஏற்றுக்கொள்ளத் தம் வாழ்நாளையே ஈந்தவர் பக். விளையாட்டில் நாட்டமுடைய மாணவ மாணவியர், அந்நாட்டத்தை எண்ணி நாண வேண்டுவதில்லை. முறையாகக் கற்று, அதனையே தொழிலாகவும் தொண்டாகவும் கொள்ளலாம். அங்ஙனம் கொள்வார் அப்பெருந்தகையின் வழித்தோன்றல்கள் ஆவர்.