விமலசுரேந்திர: மலையருவியில் மின்னொளியைக் கண்ட பொறியியலாளர்

முன்னுரை

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கமாகச் செல்லும் பாதையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் காணலாம். மஸ்கெலியாவை நெருங்கும்போது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். தேயிலை மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் இவ்விரு நீர்ப்பரப்புகளும் இயற்கை ஏரிகள் அல்ல. மனிதர் அணை கட்டித் தேக்கிய நீரே அது. இந்நீர் சுரங்கங்களின் வழியே மலைக்குள் ஓடி, குழாய்களில் கீழிறங்கி, மின்னாக மாறி நாடெங்கும் செல்கிறது. இதற்கு அடித்தளமான எண்ணத்தை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். இலங்கை நீர்மின்வலுவின் தந்தை என இவர் போற்றப்படுகின்றார்.

பிறப்பும் கல்வியும்

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874 செப்டெம்பர் 17ஆம் திகதி காலியில் பிறந்தார். தந்தையார் முதலியார் தொன் யுவான் விமலசுரேந்திர கைவினைத் தொழிலில் பெயர் பெற்றவர். கருவிகளையும் உலோக வேலையையும் சிறு வயதிலேயே பார்த்து வளரும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கல்வி கற்ற அவர், பின்னர் தொழினுட்பக் கல்லூரியில் பயின்று பொதுவேலைத் திணைக்களத்தில் பணியில் இணைந்தார்.

அக்காலத்தில் அத்திணைக்களத்தின் உயர் பதவிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே இருந்தனர். கீழ்நிலையிலிருந்து தொடங்கிய ஓர் இலங்கையர் பொறியியலாளராக உயர்வது எளிதன்று. விமலசுரேந்திர பணியில் இருந்துகொண்டே படித்தார். இங்கிலாந்து சென்று குடிசார் பொறியியல், மின் பொறியியல் ஆகிய இரு துறைகளிலும் தகுதி பெற்றார். இவ்விரு அறிவும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. அணையும் சுரங்கமும் குடிசார் பொறியியலைச் சேர்ந்தவை. சுழலியால் இயங்கும் மின்பிறப்பாக்கியும் மின்கம்பியும் மின் பொறியியலைச் சேர்ந்தவை. நீர்மின் திட்டத்துக்கு இரண்டும் வேண்டும்.

பொன் தேடிய இடத்தில் கண்ட செல்வம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் பொன் கிடைக்குமா என ஆராயும் பணியில் விமலசுரேந்திர ஈடுபட்டார் என்பர். பொன்னைவிட அவர் கவனத்தை ஈர்த்தவை கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஆகும். இவ்விரண்டும் கூடியே களனி கங்கை உருவாகின்றது. கெசல்கமு ஓயா ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து அபர்தீன் நீர்வீழ்ச்சியை உண்டாக்குகிறது. மஸ்கெலி ஓயா 120 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்து லக்சபான நீர்வீழ்ச்சியை உண்டாக்குகிறது.

மாணவர்களே, இங்கு விஞ்ஞானப் பாடத்தை நினைவுகூருங்கள். உயரத்தில் உள்ள நீரிடம் அழுத்த சக்தி உண்டு. அது விழும்போது இயக்க சக்தியாக மாறுகிறது. அச்சக்தி சுழலியைச் சுழற்ற, மின்பிறப்பாக்கி மின்சக்தியைத் தருகிறது. ஒரு செக்கனுக்கு 1 கனமீற்றர் நீர், அதாவது 1000 கிலோகிராம், 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், 1000 × 10 × 100 = 1,000,000 வாற்று, அதாவது 1 மெகாவாற்று வலு கிடைக்கும். உராய்வு முதலியவற்றால் இதில் ஒரு பகுதி இழக்கப்படும். மலைநாட்டில் மழையும் உண்டு, உயரமும் உண்டு. இவ்விரண்டையும் பெருக்கிப் பார்த்தவர் விமலசுரேந்திர.

தோட்டத் துரைமாரும் இதனை ஓரளவு அறிந்திருந்தனர். அக்காலத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் சிற்றோடை நீரால் சுழலும் சிறு சுழலிகள் இயங்கின. ஆனால் அவை அந்தந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களுக்கு மட்டுமே பயன்பட்டன. முழு நாட்டுக்கும் மலையருவி மின் தரும் என்பது வேறு அளவிலான எண்ணம்.

முதற் சான்றும் முதன்மைக் கட்டுரையும்

தம் எண்ணத்தை அவர் முதலில் சிறிய அளவில் செய்து காட்டினார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் உள்ள பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1912ஆம் ஆண்டில் நுவரெலியா நகரம் அதிலிருந்து மின்சாரம் பெற்றது.

1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் வலுவைப் பயன்படுத்துவதன் பொருளியல் பற்றியது அது. கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றிலிருந்து 114,500 குதிரைவலுவைப் பெறலாம் என அதில் காட்டினார். இன்றைய அலகில் இது ஏறத்தாழ 85 மெகாவாற்று ஆகும். கப்பலில் வரும் எரிபொருளை நம்பியிருந்த நாட்டில், நம் மழையே நம் எரிபொருள் என்ற கருத்தை எண்களோடு நிறுவிய கட்டுரை இது.

அதிகாரிகள் இதனை ஐயத்தோடு நோக்கினர். இவ்வளவு மின்சாரம் உண்மையில் கிடைக்குமா, கிடைத்தாலும் இச்சிறிய நாட்டில் அதை வாங்க யார் உளர் என்பனவே அவர்கள் எழுப்பிய ஐயங்கள்.

நின்றுபோன பணி

1920களில் லக்சபான திட்டத்தின் ஆரம்ப வேலைகள் தொடங்கின. எனினும் நிதிப் பற்றாக்குறை காரணமாகக் காட்டப்பட்டு அவை நிறுத்தப்பட்டன. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நிலைமையை மேலும் மோசமாக்கியது.

இதே காலத்தில் அயல்நாட்டில் நடந்ததை ஒப்பிடுவது நன்று. காவிரியாற்றின் சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு 1902இலேயே நீர்மின் நிலையத்தை இயக்கிக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. தேயிலை விளையும் நீலகிரி மலையில் பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே விமலசுரேந்திர கேட்டது நடக்க முடியாத ஒன்றன்று. இலங்கையில் குறைவாக இருந்தது துணிவே.

அரச பணியிலிருந்து விலகிய பின்னரும் அவர் ஓயவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டு, நீர்மின் திட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என அங்கும் வாதாடினார். 1938இல் பணி மறுபடியும் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரினால் மீண்டும் தாமதம் ஏற்பட்டது. இறுதியாக 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. கட்டுரை வெளிவந்து அப்போது 32 ஆண்டுகள் கடந்திருந்தன. விமலசுரேந்திரவின் வயது 76.

அணையும் சுரங்கமும்

இத்திட்டத்தின் அமைப்பைப் படிப்படியாக அறிந்துகொள்வோம். முதலாவது, நோட்டன்பிரிட்ஜில் கெசல்கமு ஓயாவுக்குக் குறுக்கே கட்டப்பட்ட கொங்கிறீற்று அணை. இது ஈர்ப்பு அணை எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதாவது தன் நிறையினாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்பது. ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கமும் கூடும். ஆகையால் இத்தகைய அணை மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் கட்டப்படுகிறது. இரண்டாவது, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம். மூன்றாவது, மலைச்சரிவில் இறங்கும் உருக்கு அமுக்கக் குழாய்கள். உள்ளே பாயும் நீரின் விசையால் அவை அசையாதிருக்கப் பெரிய கொங்கிறீற்றுக் கட்டைகளில் பிணைக்கப்படுகின்றன. நான்காவது, சுழலிகள் உள்ள மின்நிலையம். ஐந்தாவது, மலைமுகடுகளைக் கடந்து கொழும்பை அடுத்த கொலன்னாவை வரை மின்னைக் கொண்டுசெல்லும் கம்பிகளும் கோபுரங்களும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

மழைக்காலத்தில் பெருகி, வரட்சியில் ஒடுங்கும் ஆற்றை மட்டும் நம்ப முடியாது. எனவே பின்னர் காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் கட்டப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்று தரும் மழையை இவை சேமித்து வைக்கின்றன. காசல்ரீ நீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றிய பின் நோட்டன் குளத்தை அடைந்து, பழைய லக்சபான நிலையத்துக்குச் செல்கிறது. மவுஸ்ஸாக்கலை நீர் கனியன் நிலையத்தையும் புதிய லக்சபான நிலையத்தையும் இயக்குகிறது. இரு வழிகளிலும் வந்த நீர் ஒன்றுசேர்ந்து பொல்பிட்டிய நிலையத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீர் மூன்று இடங்களில் மின் தருவதால் இது படித்தொடர் அமைப்பு எனப்படும்.

இவ்வைந்து நிலையங்களின் மொத்த வலு இன்று 300 மெகாவாற்றுக்கும் மேல். 1918இல் மிகை என எண்ணப்பட்ட கணக்கு, நீர்த்தேக்கங்கள் சேர்ந்தபின் குறைவான கணக்காகவே ஆகிவிட்டது.

பெயரில்லாத உழைப்பு

சிறந்த ஒரு கட்டுமானத்தைப் பாராட்டும்போது அதற்காக உழைத்தோரையும் இழந்தோரையும் மறத்தலாகாது. மலையைக் குடைந்தவர்கள், கொங்கிறீற்றுச் சுமந்தவர்கள், கோபுரங்களை நிறுத்தியவர்கள் ஆகியோரின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது; மக்கள் வேறிடத்தில் புதிய நகரை அமைத்துக் குடியேறினர். கடும் வரட்சியில் நீர்மட்டம் குறையும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்றபோதும், தோட்டங்களின் லயன் அறைகள் பலவற்றில் பல ஆண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. அவ்வெளிச்சத்தில் படித்தே பல மாணவர் பரீட்சைக்குத் தோற்றினர். மின்னை உற்பத்தி செய்வது பொறியியலாளரின் பணி. அதனை எல்லோருக்கும் பகிர்ந்தளிப்பது சமூகத்தின் கடமை. இரண்டாவது நிறைவேறும்போதே முதலாவது முழுமை பெறும்.

மதிப்பும் நினைவும்

விமலசுரேந்திர 1953 ஓகஸ்ட் 10ஆம் திகதி காலமானார். தம் கனவின் முதற்படியை மட்டுமே அவர் கண்ணாற் கண்டார். 1965இல் நோட்டன்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாற்று மின்நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1975இல் அவரது நினைவாக முத்திரை வெளியிடப்பட்டது. 2012இல் தலவாக்கலையில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டமும், மலைநாட்டு நீரில் அவர் கண்ட செல்வத்தின் தொடர்ச்சியே.

முடிவுரை

ஒரு பொறியியலாளரை எதைக் கொண்டு மதிப்பிடுவது? கட்டியது உறுதியாக நிற்கிறதா, கணக்கு சரியானதா, மக்களுக்குப் பயன் தருகிறதா என்னும் மூன்றும் அளவுகோல்கள். விமலசுரேந்திரவின் வாழ்வு நான்காவது ஒன்றையும் சேர்க்கிறது. சரியெனக் கணக்கிட்ட ஒன்றைப் பிறர் ஏற்கும்வரை கைவிடாதிருத்தலே அது. 1912இல் சிறு நிலையம், 1918இல் கட்டுரை, 1931இல் அரசாங்க சபை என அவர் வழிகளை மாற்றினார், இலக்கை மாற்றவில்லை.

நினைவில் நிறுத்துக

1874 – காலியில் பிறப்பு
1912 – பிளக்பூல் நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு மின்சாரம்
1918 – பொறியியற் சங்கத்தில் ஆய்வுக் கட்டுரை
1931 – அரசாங்க சபை உறுப்பினர்
1938 – லக்சபான பணி மீண்டும் தொடக்கம்
1950 – லக்சபான முதற்கட்டம், 25 மெகாவாற்று
1953 – மறைவு
1965 – விமலசுரேந்திர மின்நிலையம், 50 மெகாவாற்று

பயிற்சி வினாக்கள்

1. களனி கங்கையை உருவாக்கும் இரு ஓயாக்களையும், அவற்றில் அமைந்த நீர்வீழ்ச்சி ஒவ்வொன்றையும் குறிப்பிடுக.
2. ஈர்ப்பு அணையின் அடிப்பகுதி அகலமாக அமைக்கப்படுவதற்குக் காரணம் யாது?
3. நீர்மட்டத்திலிருந்து 20 மீற்றர் ஆழத்தில் நீரினால் ஏற்படும் அமுக்கத்தைக் காண்க. நீரின் அடர்த்தி 1 கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.
4. நீர்மின் உற்பத்தியில் நிகழும் சக்தி மாற்றங்களை ஒழுங்குமுறையாக எழுதுக.
5. பெரும் நீர்த்தேக்கத் திட்டங்களால் ஏற்படும் நன்மைகள் இரண்டையும் பாதிப்புகள் இரண்டையும் மலைநாட்டு உதாரணங்களுடன் விளக்குக.

விடைக் குறிப்பு: வினா 3 – 1000 × 10 × 20 = 200,000 பஸ்கால். வினா 5க்கு விடை எழுதும்போது ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தெழுதினால் விடை தெளிவு பெறும்.