மாயமாய்ப் போன மயோரானா

இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா நகரில் 1906-இல் பிறந்தவர் எத்தோரே மயோரானா. ரோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவரை 1928-இல் இயற்பியலுக்கு இழுத்து வந்தவர் நண்பர் செக்ரே. அங்கே பேராசிரியர் ஃபெர்மி பாடுபட்டுத் தயாரித்திருந்த எண் அட்டவணையை, மயோரானா ஒரே நாளில் தாமே கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிட்டாராம்!

மேதைதான். ஆனால் எதையும் வெளியிட மாட்டார். சிகரெட் பெட்டியில் கணக்குப் போடுவார். பெட்டி காலியானதும் குப்பைக்குப் போய்விடும். அணுக்கரு பற்றிய தம் கொள்கையை எழுதும்படி 1932-இல் ஃபெர்மி எவ்வளவோ வற்புறுத்தினார். ஊஹூம்! அதே ஆண்டில் ஹைசன்பர்க் அது போன்ற கொள்கையை வெளியிட்டுப் பெயர் வாங்கினார்.

1937-இல் பேராசிரியர் பதவிக்குப் போட்டி வந்தபோதுதான் ஒரு கட்டுரையை வெளியே எடுத்தார். எலெக்ட்ரானுக்கு எதிர்த்துகள் பாசிட்ரான். மின்னூட்டமில்லாத துகளோ, தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கலாம் என்றது அக்கட்டுரை. நேப்பிள்ஸில் பதவியும் கிடைத்தது. 1938 மார்ச்சில் பலேர்மோ போனவர் திரும்பவே இல்லை. அப்போது வயது 31. என்ன ஆனார் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

ஆனால் கட்டுரை தங்கிவிட்டது. மீக்கடத்திக் கம்பியில் எலெக்ட்ரான்கள் கூட்டாக இயங்கும்போது, மயோரானா சொன்னது போன்ற நிலைகள் கம்பியின் இரு முனைகளிலும் தோன்றலாம் என்று 2001-இல் கித்தாயெவ் காட்டினார். குவாண்டம் கணினியின் பெரிய தலைவலி, சின்னத் தொந்தரவிலேயே தகவல் கெட்டுப்போவது. தகவலை இரு முனைகளுக்கும் பங்கிட்டு வைத்தால், ஒரு முனையில் நேரும் தொந்தரவு அதை எளிதில் கெடுக்காது. பத்திரத்தைப் பாதி பாதியாக இரண்டு வீட்டில் வைப்பது மாதிரி!

2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இதற்கு அறிகுறிகள் கிடைத்தன. 2018-இல் அதே குழு உறுதியான சான்று என்று வெளியிட்ட கட்டுரையை, தரவுகளில் குறை தெரிந்ததால் 2021-இல் திரும்பப் பெற்றது. 2025-இல் மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' என்ற சில்லை அறிவித்தது. அதற்கும் இயற்பியலாளர்கள் ஆதாரம் கேட்டார்கள்.

மாணவச் செல்வங்களே! மயோரானா உயிரோடு இருந்தபோது வெளியிட்டவை ஒன்பதே கட்டுரைகள். கசக்கி எறிந்தவை எத்தனையோ! நீங்கள் கண்டதை நோட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். ஒன்றுக்குப் பத்து முறை சரிபாருங்கள். பிறகு தயங்காமல் எழுதுங்கள். அதன் பயன் 60 வருடம் கழித்துக்கூட வரலாம்.