ஊட்டிக்கு ரோடு போட்ட கலெக்டர்: யார் இந்த ஜான் சல்லிவன்? கோத்தகிரி ஏன் அவரை மறக்கவில்லை?

கட்டபெட்டு ஜங்ஷனில் இறங்கி ஒரு டீ சொல்லிவிட்டு நின்றால் போதும், நீலகிரியின் வரைபடம் கண்முன்னே விரியும். ஒரு ரோடு குன்னூருக்கு இறங்குகிறது. இன்னொன்று தொட்டபெட்டா பக்கமாக ஊட்டிக்கு ஏறுகிறது. மூன்றாவது கோத்தகிரிக்குப் போகிறது. சுற்றிலும் தேயிலை. பஸ், பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி, டூரிஸ்ட் கார் எல்லாம் இங்கே ஒரு நிமிஷம் தயங்கித்தான் திரும்பும்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதில் எதுவும் இல்லை. தேயிலையும் இல்லை, வண்டி போகும் பாதையும் இல்லை. ஊர்கள் இருந்தன, மக்கள் இருந்தார்கள், ஆனால் அரசாங்கம் என்ற ஒன்று மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அதை மேலே கொண்டுவந்தவர் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன்.

ஊட்டியை 'கண்டுபிடித்தவர்' என்று ரீல்ஸில் சொல்வார்களே, அதே ஆள்தான். அந்த வார்த்தை தப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை இது. ஐரோப்பியர் கணக்கு எடுத்தால்கூட 1603-லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் கேரளப் பக்கம் இருந்து ஏறி வந்து போயிருக்கிறார். சல்லிவன் செய்தது வேறு வேலை.

15 வயதுப் பையன், கம்பெனி வேலை

சல்லிவன் பிறந்தது 1788 ஜூன் 15, லண்டனில். பதினைந்து, பதினாறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' வேலை. எழுத்தாளர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியின் கீழ்நிலை எழுத்தர் பதவிக்கு அதுதான் பெயர். செங்கல்பட்டு, சென்னை, மைசூர் என்று பல இடங்களில் வேலை பார்த்து, 1815-ல் கோவை கலெக்டர் ஆனார். அப்போது வயது 27. அடுத்த பதினைந்து வருஷம் அதே நாற்காலி. இன்றைக்கு ஒரு கலெக்டர் ஒரே மாவட்டத்தில் மூன்று வருஷம் தாண்டினாலே செய்தி!

நீலகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கம்பெனி கைக்கு வந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. கோவையோடு ஒட்டவைத்திருந்தார்கள். வரி வசூல் மலையடிவாரத்துத் தணாய்க்கன்கோட்டையில் இருந்து நடந்தது. அந்த ஊர் இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 1812-ல் இரண்டு சர்வேயர்கள் போனார்கள். அறிக்கை கொடுத்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1818-ல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வெயில் கொளுத்துகிறது, மேலே குளிர்கிறது என்று வந்து சொன்னார்கள்.

1819 ஜனவரியில் சல்லிவனே கிளம்பினார்.

குளிர்தான் காரணமா?

குளிர் பிடித்ததால் போனார் என்பது பாதிக் கதை. கம்பெனிக்கு அன்று ஒரு பெரிய பிரச்னை இருந்தது. சமவெளியில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் அதன் சிப்பாய்களும் அதிகாரிகளும் விழுந்துகொண்டே இருந்தார்கள். தேறுவதற்கு அவர்களைக் கப்பல் ஏற்றித் தென்னாப்பிரிக்காவின் கேப் வரை அனுப்ப வேண்டியிருந்தது. செலவு, மாதக்கணக்கில் லீவு. கோவையில் இருந்து சில நாள் பயணத்தில் ஒரு 'கேப்' கிடைத்தால்?

சல்லிவன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கோத்தகிரி பக்கத்துத் திம்பட்டி பள்ளத்தாக்கில் தங்கினார். 1819-லேயே அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார். மலைமேல் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அது. அதே வருஷம் லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் உடம்பு சரியில்லாத நிலையில் மேலே தூக்கிவரப்பட்டார். சில நாளில் எழுந்து நடந்தார். வெப்பநிலையைக் குறித்துக் குறித்து சென்னை அரசுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சல்லிவனுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? நாம் இன்று சொல்லும் 'பிரசன்டேஷன்' என்பதன் அந்தக் காலத்து வடிவம் அது.

முதல் அரசு சேவை: ஒரு பாதை

ஆஸ்பத்திரி, தபால், போலீஸ், கோர்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது ரோடு. இதைப் புரிந்துகொண்டதுதான் சல்லிவனின் வெற்றி. மலையடிவாரக் காடு காய்ச்சலுக்குப் பேர் போனது. அதற்குள் ஒரு இரவு தங்குவதே ஆபத்து. எவ்வளவு சீக்கிரம் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இருந்து கோத்தகிரி, திம்பட்டி வரை பாதை போட 1821-ல் வேலை ஆரம்பித்தது. பொறுப்பு லெப்டினன்ட் மக்பெர்சனிடம். 1823-ல் முடிந்தது. வண்டி போகாது, குதிரையும் பொதிமாடும் ஏறலாம். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதை வந்ததும் மலையின் தலையெழுத்து மாறிவிட்டது. நீலகிரிக்கு அரசாங்கம் நுழைந்த வாசல் ஊட்டி இல்லை, இன்று நாம் 'அமைதியான ஊர்' என்று சொல்லும் கோத்தகிரிதான்.

பாதை முடியும்வரை சல்லிவன் காத்திருக்கவில்லை. 1822-லேயே ஊட்டிக்கு நகர்ந்து, அங்கே ஸ்டோன் ஹவுஸ் கட்டத் தொடங்கிவிட்டார். உள்ளூர் மக்கள் வாயில் அது கல் பங்களா. இன்று அரசு கலைக்கல்லூரி இயங்கும் வளாகம். 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஏரி வெட்டினார். போட்டிங் போவதற்கு இல்லை, தண்ணீரைச் சேமித்துப் பாசனத்துக்குக் கொடுக்கும் யோசனை அது. இப்போது நாம் பார்க்கும் ஏரி மிச்சம்தான். பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தண்ணீர்.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட் என இன்று 'ஊட்டிக் காய்கறி' என்று மார்க்கெட்டில் கூவி விற்பதில் பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்தது இவர் காலத்தில்தான். அதுவரை படுகர் வயல்களில் சாமை, ராகி, கொறளி விளைந்தன. ஒரு விஷயம்: தேயிலை சல்லிவன் கணக்கில் இல்லை. அது அவருக்குப் பிந்திய கதை.

1826-ல் கவர்னர் தாமஸ் மன்ரோவே மேலே வந்து சல்லிவன் வீட்டில் தங்கினார். அதற்குப் பிறகு சென்னையில் யாரும் நீலகிரியைக் காடு என்று ஒதுக்கவில்லை.

நிலம் யாருடையது?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. ஊட்டியில் சல்லிவன் தோடர்களிடம் இருந்து நிலம் வாங்கினார். விலை, ஏக்கருக்கு ஒரு ரூபாய். அங்கிருந்த ஐரோப்பியர்களில் அதிக நிலம் வைத்திருந்தவரும் அவரே. மாவட்டத்தின் கலெக்டர் வாங்க வருகிறார். எருமை மேய்த்து வாழும், நிலத்தை விற்கும் பழக்கமே இல்லாத மக்கள் விற்கிறார்கள். இதை 'நியாயமான விலை' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதே சல்லிவன்தான், தோடர்கள் இந்த நிலத்தின் உரிமையாளர்கள், அரசாங்கம் நினைத்தபடி எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைசிவரை வாதாடினார். வாங்கினேன் என்று சொன்னாலே, விற்றவர் உரிமையாளர் என்று ஆகிறது இல்லையா? தன் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வாதம் என்று எதிரிகள் நினைத்திருக்கலாம். ஆனால் சொந்த நிலம் பேச்சிலேயே இல்லாத காலத்திலும் அவர் அதையே சொன்னார் என்பதால், வெறும் சுயநலம் என்று தள்ளிவிடவும் முடியாது.

மன்ரோவுக்குப் பிறகு 1827-ல் கவர்னரான லஷிங்டனுக்கும் சல்லிவனுக்கும் ஒத்துப்போகவில்லை. மலை ராணுவத்துக்கான ஆரோக்கிய நிலையம், அதை ராணுவ அதிகாரி நடத்தட்டும் என்பது லஷிங்டன் முடிவு. 1828-ல் தனி கமாண்டன்ட் நியமிக்கப்பட்டார். 1830-ல் மலையின் பெரும்பகுதியைக் கோவையில் இருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் சல்லிவனின் கலெக்டர் பதவியும் முடிந்தது. லஷிங்டன் காலத்தில் குன்னூர் வழியாகப் புது மலைப்பாதை வந்தது. போக்குவரத்து முழுக்க அந்தப் பக்கம் திரும்ப, சல்லிவனின் கோத்தகிரிப் பாதை ஓரமாக ஒதுங்கியது. பின்னாளில் மேட்டுப்பாளையத்தில் இருந்து ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்தது. கோத்தகிரிக்கு வரவே இல்லை. கட்டபெட்டில் இன்றும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதன் பின்னால் இந்தப் பழைய சண்டைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

சல்லிவன் அதோடு போய்விடவில்லை. 1830-களில் திரும்பி வந்து சென்னை வருவாய் வாரியத்தின் தலைவராகவும் பிறகு கவர்னர் கவுன்சில் உறுப்பினராகவும் ஆனார். பெரிய பதவி. தோடர் உரிமை பற்றி மறுபடி மறுபடி எழுதினார். ஆனால் 1840-களில் லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் முடிவு செய்தது வேறு: தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே, நிலம் அரசாங்கத்துடையது. காடு, எஸ்டேட், குடியிருப்பு என்று மலையைப் பின்னால் பங்குபோட்டதற்கெல்லாம் இந்த எண்ணம்தான் அடித்தளம். தான் போட்ட பாதை வழியாக வந்த அரசாங்கத்திடமே சல்லிவன் தோற்றுப்போனார்.

1838

இந்த வருஷத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1820-ல் சல்லிவன் திருமணம் செய்துகொண்ட ஹென்ரியட்டா, நீலகிரிக்கு வந்த முதல் ஐரோப்பியப் பெண்ணாகச் சொல்லப்படுபவர். 1838-ல் அவர் இறந்தார். சில வாரங்களுக்குள் மகள் ஹாரியட்டும் இறந்தார். உடம்பைத் தேற்றும் மலை என்று ஊருக்கெல்லாம் நிரூபித்த மனிதர், சொந்த மனைவியையும் மகளையும் அதே மலையில், ஊட்டி புனித ஸ்டீபன் சர்ச் கல்லறையில் புதைத்தார்.

1841-ல் இந்தியாவை விட்டுப் போனார். இங்கிலாந்திலும் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் பங்குதாரர் கூட்டங்களில் எழுந்து, சதாரா போன்ற சுதேச அரசுகளைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்தார். இந்தியாவின் செல்வம் உறிஞ்சப்பட்டு இங்கிலாந்துக்குப் போகிறது என்றார். உயர்ந்த அரசு வேலைகளில் இந்தியர்களை வைக்க வேண்டும் என்றார். கம்பெனியில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர் இதைச் சொன்னது அங்கே எத்தனை பேருக்கு ரசித்திருக்கும்!

1855 ஜனவரி 16-ல் இறந்தார். நீலகிரி தனி நிர்வாகம் ஆனதை (1868) அவர் பார்க்கவில்லை. அதற்குத் தனி கலெக்டர் வந்தது 1882-ல்.

கல்லறை எங்கே?

ரொம்ப காலம் இங்கே யாருக்கும் தெரியாது. நீலகிரி ஆவண மையத்தைச் சேர்ந்தவர்கள் தேடிய பிறகுதான், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், ஸ்லவ் ஊரின் அப்டன் புனித லாரன்ஸ் சர்ச்சில் அவர் கல்லறை இருப்பது வெளியே வந்தது. யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கம் செய்யப்பட்டதும் அதே சர்ச்தான். 2022 மே மாதம் 'ஊட்டி 200' கொண்டாட்டத்தின்போது சல்லிவனுக்கு ஊட்டியில் சிலை திறக்கப்பட்டது.

சிலையை செல்ஃபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் கட்டபெட்டில் ஊட்டி பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் கோத்தகிரி பஸ் ஏறுங்கள். கோத்தகிரியில் இருந்து சுமார் 2 கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. அங்கே சல்லிவன் தங்கியிருந்த பெத்தகல் பங்களா, சிவப்பு வண்ணத்தில் நிற்கிறது. பல காலம் பாழடைந்து கிடந்ததை 2002-ல் மாவட்ட நிர்வாகம் புதுப்பித்தது. இப்போது அது நினைவிடம், உள்ளே மலை மக்களின் பழைய படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன.